ரசீது புக்கோடு வருகிறவர்கள் யார்? வடசென்னை அரிமா சங்கம்: கேள்வி பதில்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப்) பல வருடம் பொருளாளராகவும் செயலாளராகவும் இருந்தவள் நான். சங்கம் என்ன செய்கிறது, காசு எங்கே போகிறது என்று ஏரியாக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சில கேள்விகள் காரமாகவே வந்தன. அப்படியே போட்டிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்: அக்கா, அரிமா, ரோட்டரி ரெண்டும் ஒண்ணா, வேறயா? ரெண்டுமே பணக்காரங்க கோட்டு போட்டுக்கிட்டு சாப்பிடுற எடம்னு எங்க அப்பா சொல்றாரு.

அப்பா சொல்வதில் பாதி உண்மைதான் தம்பி. ஜூலையில் புது நிர்வாகிகள் பதவியேற்பு விழாவுக்கு வந்தால் கோட்டும் இருக்கும், சாப்பாடும் இருக்கும். இரண்டும் வேறு வேறு அமைப்புகள், ஆனால் பிறந்த ஊர் ஒன்றுதான், சிகாகோ. ரோட்டரியை 1905இல் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ஆரம்பித்தார். அரிமாவை 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் தொழில்காரர் ஆரம்பித்தார். ரோட்டரி 1985இல் போலியோவைக் கையில் எடுத்தது. 1925 மாநாட்டில் ஹெலன் கெல்லர் வந்து பார்வையற்றவர்களுக்காக நில்லுங்கள் என்று கேட்டதிலிருந்து அரிமாவுக்குக் கண்தான் முதல் வேலை.

நம்ம ஏரியாவில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பாத்திரக்கடைக்காரர், பிரிண்டிங் பிரஸ் வைத்திருப்பவர், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட், ரிட்டயர்டு டீச்சர் என்று இரண்டிலும் இதே ஆட்கள்தான். உன் தெருவில் யார் நல்லா வேலை செய்கிறார்களோ அவர்களோடு சேர்.

பெரம்பூர், இல்லத்தரசி: பொம்பளைங்க சேரலாமா? இல்ல, "மெம்பரோட மனைவி"ன்னு ஓரமா உக்கார வைப்பாங்களா?

தாராளமாகச் சேரலாம்மா. அரிமாவில் 1987 முதல், ரோட்டரியில் 1989 முதல் பெண்கள் முழு உறுப்பினர்கள். அதற்கு முன்னால் நீங்கள் சொல்கிற ஓரம்தான் இருந்தது. சில சங்கங்களில் இன்றைக்கும் குத்துவிளக்கு ஏற்றவும் ஆரத்தித் தட்டு பிடிக்கவும்தான் பெண்களைக் கூப்பிடுகிறார்கள். அப்படி ஒரு சங்கத்தில் மாட்டினால் முதல் வருடமே பொருளாளர் பதவியைக் கேளுங்கள். கணக்கு நோட்டு கையில் இருக்கிற ஆளை யாரும் ஓரமாக உட்கார வைக்க முடியாது.

ஓட்டேரி, வாசகர்: ஒரு மீட்டிங்குக்கு விருந்தாளியா போனேன். மணி அடிச்சாங்க, ஒருத்தர் எழுந்து எல்லாருக்கும் ஃபைன் போட்டாரு. என்ன கூத்து இது?

ஃபைன் போட்டவர் டெயில் ட்விஸ்டர். அது ஒரு பதவி. பேட்ஜ் குத்தாமல் வந்தால் ஃபைன், போன் அடித்தால் ஃபைன், புது பைக் வாங்கிச் சொல்லாமல் இருந்தாலும் ஃபைன். அதிலும் விதி உண்டு: அபராதத் தொகைக்கு நிர்வாகக் குழு வைத்த உச்சவரம்பைத் தாண்டக் கூடாது, ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் போடக் கூடாது, வசூலானதை உடனே பொருளாளரிடம் கொடுத்துவிட வேண்டும். டெயில் ட்விஸ்டருக்கே ஃபைன் போட வேண்டுமென்றால் வந்திருக்கிற அத்தனை பேரும் கை தூக்க வேண்டும். அந்தக் கூத்தில்தான் கூட்டம் கலகலப்பாகும்.

ஆனால் கூட்டம் நல்ல கூட்டமா என்பதை வேறு ஒன்றை வைத்துத்தான் பார்ப்பேன். போன திட்டத்தின் வரவு செலவை அடுத்த கூட்டத்தில் வாசிக்கிறார்களா? வாசித்தால் அந்தச் சங்கத்தை நம்பலாம். சால்வை போடவே ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர்: வருஷா வருஷம் தீபாவளி சமயம் பாத்து ரசீது புக்கோட நாலு பேர் வர்றீங்க. நான் குடுக்குற காசு ஏழைக்குப் போகுதா, உங்க சால்வைக்குப் போகுதா?

கேட்க வேண்டிய கேள்வி அண்ணே, கோபமே இல்லை.

அரிமா சங்கத்துக்கு இரண்டு கணக்கு இருக்க வேண்டும். ஒன்று நிர்வாகக் கணக்கு. உறுப்பினர் சந்தா அதில் வரும். ஹால் வாடகை, சாப்பாடு, சால்வை, மொமெண்டோ எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். இன்னொன்று சேவைக் கணக்கு. உங்களிடம் வாங்கியது, டிக்கெட் விற்றது என்று பொதுமக்களிடமிருந்து வந்தது முழுவதும் அதில் போய், பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். அதிலிருந்து ஒரு சால்வை வாங்கினாலும் தப்பு. பொருளாளராக இருந்தபோது நான் போட்ட சண்டையெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். "இந்த மாசம் மட்டும் அதுலேர்ந்து எடுத்துக்கலாம், அடுத்த மாசம் போட்டுடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அடுத்த மாதம் வரவே வராது.

நீங்கள் பார்க்க வேண்டியது சில உண்டு. ரசீதில் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும், கையால் எழுதியிருக்கக் கூடாது. ஜிபே பண்ணச் சொன்னால் வருகிற பெயர் சங்கத்தின் பெயரா என்று பாருங்கள். தலைவருடைய சொந்த நம்பர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 80ஜி வரிச்சலுகை இருக்கிறது என்றால், அது அந்தச் சங்கத்தின் பெயரிலா அல்லது அவர்களுடைய டிரஸ்ட் பெயரிலா என்று கேளுங்கள். எல்லாச் சங்கத்துக்கும் அது கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. செக்கோ ஆன்லைனோதான். புது வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால் எப்படிக் கொடுத்தாலும் கிடையாது, அதைச் சொல்லாமல் 80ஜி ஆசை காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. போன வருடம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். போட்டோ காட்டுவார்கள். போட்டோவைப் பார்த்துவிட்டு, அதில் இருக்கிறவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.

எருக்கஞ்சேரி, புதுச் சங்கத்தின் செயலாளர்: நிதி திரட்ட லக்கி டிரா வெக்கலாமா மேடம்? முதல் பரிசு பைக்.

வேண்டாம் சார். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலேயே தடை வந்துவிட்டது. காசுக்கு டிக்கெட் விற்றுக் குலுக்கிப் பரிசு கொடுத்தால், நல்ல காரியத்துக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்பது சேவையில் சேராது.

அதே செயலாளர்: அப்ப எதுல காசு வரும்?

விழா மலர் அச்சடித்து அதற்கு விளம்பரம் வாங்குவது எங்கள் காலத்துப் பழக்கம். அச்சுக் கூலியே பாதியைத் தின்றுவிடும், மலரை யாரும் பிரிப்பதுகூட இல்லை. மெல்லிசைக் கச்சேரி பெரிய சங்கங்களுக்கு. நம்ம பக்கத்துக்குச் சாப்பாடுதான் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பள்ளி மைதானத்தில் பர்மா அத்தோ, பேஜோ, மீன் வறுவல், சுண்டல் என்று கடை போட்டால் கூட்டம் தானாக வரும்.

அதைவிடப் பத்திரமானது பிரியாணி டோக்கன். கணக்கு இப்படிப் போடுங்கள். ஒரு பாக்கெட் 200 ரூபாய், மாஸ்டர் கூலி, விறகு, தேக்சா வாடகை, பாக்ஸ் எல்லாம் சேர்த்து அடக்கம் 130 என்று வைத்துக்கொள்வோம். 300 டோக்கன் போனால் கையில் 21,000 நிற்க வேண்டும். நிற்காது. ஏனென்றால் உறுப்பினர்கள் "அப்புறம் தர்றேன்" என்று நாற்பது டோக்கனைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த 8,000 போய் 13,000தான் மிஞ்சும். அதனால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் காசு வந்த டோக்கனுக்கு மட்டும்தான் மாஸ்டரிடம் ஆர்டர் சொல்ல வேண்டும். தலைவர் சொன்னாலும் ஒரு பாக்கெட் கூட்டக் கூடாது. ஸ்பான்சர் கிடைத்தால் அரிசியாக, கோழியாக வாங்குங்கள். அடக்கம் இறங்கும்.

காசிமேடு, மீனவர்: போன தடவ கண் கேம்ப்னு வந்து எங்க அம்மாவுக்கு லைட் அடிச்சுப் பாத்தாங்க. சுகர் அதிகம், ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல.

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் நாளில் நடப்பது இதுதான். பொது மருத்துவர் அல்ல, கண் மருத்துவமனையின் குழுவே வரும். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, கண் அழுத்தம், பிபி, சுகர் பார்ப்பார்கள். கண்புரை இருந்து உடம்பும் சரியாக இருந்தால் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அங்கே லென்ஸ் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். முகாமிலேயே கத்தி வைப்பது கிடையாது. சுகரோ பிபியோ ஏறியிருந்தால் "குறைச்சிட்டு வாங்க" என்று அனுப்புவார்கள். டாக்டர் செய்தது சரி. சர்க்கரை ஏறிய உடம்பில் புண் ஆறாது, கிருமி தொற்றும். தப்பு சங்கத்தினுடையது. பஸ்ஸில் ஏறியவர்களின் பெயரை எழுதுகிறார்கள், ஏறாதவர்களின் பெயரை எழுதுவதில்லை. உண்மையில் அந்த இரண்டாவது பட்டியல்தான் சங்கத்தின் வேலை.

அம்மாவை உங்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். சுகர் மாத்திரை இலவசம். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் சேர்த்தால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். சுகர் இறங்கியதும் அடுத்த முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம், எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கே போகலாம். அது 1819இல் ஆரம்பித்தது, உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. நம்மூர் ஆட்கள் அதைத் தாண்டி எங்கெங்கேயோ போய்க் காசு கொடுக்கிறார்கள்.

சங்கத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. காசிமேட்டில் ஞாயிறு காலை முகாம் போடுகிற ஆள் காசிமேட்டைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். அன்றைக்குத்தான் மார்க்கெட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலையைப் பிரித்துப் போட்டுத் தைப்பார்கள். அப்போது போங்கள். நாற்பது தாண்டியவர்கள் வலைக் கண்ணியைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்ப்பதைக் கவனியுங்கள். அது வெள்ளெழுத்து. அவர்களுக்கு ஆபரேஷனும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம், கிட்டப் பார்க்கிற கண்ணாடி ஒன்று போதும், அன்றைக்கே வேலை வேகமாகும். இதற்கு ஃபிளெக்ஸ் வைக்க முடியாது என்பதால் யாரும் செய்வதில்லை.

திருவொற்றியூர், ஆசிரியை: கண்தானம் எழுதிக் குடுத்திருந்த எங்க மாமனார் தவறினப்ப யாருக்குச் சொல்றதுன்னே தெரியல, நேரம் போயிடுச்சு.

வருத்தமாக இருக்கிறதும்மா. எழுதிக் கொடுக்காவிட்டாலும் குடும்பத்தார் சம்மதித்தால் எடுப்பார்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணை மூடி மேலே ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கண்ணாடி போட்டவர், சுகர் உள்ளவர், புரை ஆபரேஷன் செய்தவர் எல்லாரும் கொடுக்கலாம். பக்கத்துக் கண் வங்கியின் நம்பரை கேஸ் புக் வைக்கிற இடத்தில் ஒட்டி வையுங்கள். அந்த நேரத்தில் யாரும் போனில் தேட மாட்டார்கள்.

புளியந்தோப்பு, இளைஞர்: ரத்த தான கேம்ப்ல டாட்டூ இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நியாயமா?

டாட்டூ குத்தி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் நியாயம்தான் தம்பி. 18 முதல் 65 வயது, 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5, ஆண்களுக்கு மூன்று மாத, பெண்களுக்கு நான்கு மாத இடைவெளி. இதுதான் விதி. எல்லாரும் ஆகஸ்ட் 15 அன்றே முகாம் போடுகிறார்கள். காலேஜ் மூடிய மே மாதத்தில் ரத்த வங்கி காய்ந்து கிடக்கும். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், ஆகஸ்டில் கொடுத்ததை வைத்து டெங்கு சீசனை ஓட்ட முடியாது. அடுத்த வருடம் மே மாதம் வா.

வியாசர்பாடி, வாசகி: 2023 மிக்ஜாம் வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி. மூணாவது நாள் ஒரு கிளப்காரங்க பழைய துணி மூட்டைய எறக்கிட்டுப் போனாங்க. அத வெச்சு என்ன பண்றது?

ஒன்றும் பண்ண முடியாது. தெருமுனையில் நனைந்து கிடந்து, கடைசியில் குப்பை லாரியில்தான் போகும். வெள்ளத்துக்குப் பழைய துணி சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன், பீரோவைக் காலி பண்ண வேறு வழி தெரியாதவர்கள் கேட்பதில்லை. முதல் இரண்டு நாள் குடிநீர் கேன், மெழுகுவத்தி, நாப்கின், குழந்தைக்குப் பால் பவுடர். தண்ணீர் வடிந்ததும் பிளீச்சிங் பவுடர், துடைப்பம், பாய், ஸ்டவ். அதற்குப் பிறகு யாரும் நினைக்காதது: நனைந்துபோன ரேஷன் கார்டு, ஆதார், மார்க் ஷீட். தெருவில் ஒரு மேஜை போட்டு நகல் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால், அதுதான் பெரிய உதவி.

எண்ணூரில் கதை வேறு. அதே வெள்ளத்தில் எண்ணெய் கலந்து கழிமுகம் வரை போய், படகும் வலையும் கறுத்துவிட்டன. அங்கே அரிசிப் பை கொடுத்தால் ஒரு வாரம், வலை கொடுத்தால் தொழில். எந்த வலை, எத்தனை கிலோ என்பதை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டு வாங்க வேண்டும். நாமாக வாங்கினால் கண்ணி அளவு தப்பாகிவிடும்.

எம்.கே.பி. நகர், சங்க உறுப்பினர்: மாநகராட்சிப் பள்ளிக்குக் காலை உணவு இல்லாட்டி ஆர்.ஓ. மெஷின் குடுக்கலாம்னு இருக்கோம்.

காலை உணவை அரசே 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறது, அதில் நமக்கு வேலை இல்லை. ஆர்.ஓ. மெஷின் கொடுக்கலாம், ஆனால் ஃபில்டர் மாற்ற மூன்று வருடப் பணத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள். கல்வெட்டில் சங்கத்தின் பெயர் பளபளக்க, கீழே குழாயில் காற்று வருகிற மெஷின்கள் நம்ம ஏரியாவில் நிறைய. முதலில் தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் அவர் கேட்பது கழிப்பறை கழுவ ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம்.

மணலி, கம்பெனி ஊழியர்: எனக்கு ஷிப்ட் வேலை. மாசம் ரெண்டு மீட்டிங் வர முடியாது. சந்தா கட்டவும் வசதி இல்ல. நான் எதுக்காவது உதவுவேனா?

உறுப்பினராகாமலே உதவலாம். முப்பது வயதுக்குள் என்றால் அரிமாவின் இளைஞர் பிரிவான லியோ சங்கத்தில் சேருங்கள், செலவு குறைவு. இல்லையென்றால் எனக்கு ஒரு ஆள் வேண்டும். கண் ஆபரேஷன் முடிந்தவர்களுக்குப் போன் போட்டுச் சொட்டு மருந்து விடுகிறார்களா, ரிவ்யூவுக்குப் போனார்களா என்று கேட்க வேண்டும். சுகர் அதிகமென்று திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் மாத்திரை வாங்கினார்களா என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள், எடுத்தவர்களில் சிலர் திட்டுவார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம். பகல் தூங்குகிற வாரம் எது என்று மட்டும் சொல்லுங்கள், அந்த வாரத்தை விட்டுவிட்டுப் பட்டியல் அனுப்புகிறேன்.