பின்யாவ் ஊருக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரம் போர்ச்சுகலின் போர்ட்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். எனக்கு வயது 66, கணவருக்கு 70. டோரு ஆற்றங்கரையில் இருக்கும் பின்யாவ் ஊரைப் பார்க்க ஆசை. ஒரே நாளில் போய்த் திரும்பலாமா? கார் எடுக்க வேண்டுமா? நாங்கள் சைவம், மதுவும் தொடுவதில்லை. திராட்சை மதுவுக்குப் பேர்போன ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

பதில்: காரை மறந்துவிடுங்கள். ரேகுவா என்ற ஊரிலிருந்து பின்யாவ் வரை ஆற்றை ஒட்டிப் போகும் சாலைதான் உலகிலேயே ஓட்டுவதற்குச் சிறந்தது என்று 2015இல் ஓர் அறிவிப்பு வந்தது. அறிவித்தது கார் வாடகை நிறுவனம்! வளைவு மேல் வளைவு; ஓட்டுபவர் ஆற்றை எங்கே பார்ப்பது?

ரயிலில் போங்கள். போர்ட்டோவின் சாவ் பென்ட்டோ அல்லது கம்பன்யா நிலையத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரம்போல ஆகும். முதல் ஒரு மணி நேரம் சாதாரண வழிதான். அப்புறம் மலை விலகி, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஆறு வந்துவிடும். அதன் பிறகு பின்யாவ் வரை கூடவே வரும். ஆகவே வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். இந்த ரயில்களில் இருக்கை எண் கிடையாது, முதலில் ஏறியவருக்கே இடம். அதனால் கொஞ்சம் முன்னதாகவே போய் நில்லுங்கள். 65 வயது ஆனவர்களுக்குப் பாதிக் கட்டணம். பாஸ்போர்ட் கையில் இருந்தால் போதும். ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி 'பின்ஹாவோ' என்றால் கவுண்டரில் புரியாமல் விழிக்கலாம். 'பின்யாவ்' என்று சொல்லி, கடைசியில் லேசாக மூக்கால் இழுங்கள்.

போர்ட்டோவிலிருந்தே படகில் அழைத்துப் போகும் ஒருநாள் சுற்றுலாவும் உண்டு. வழியில் கரப்பத்தேலு அணையில் படகை ஒரு தொட்டிக்குள் விட்டு, தண்ணீர் நிரப்பி, சுமார் 35 மீட்டர் மேலே தூக்குவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் பகல் முழுக்கப் படகிலேயே போய்விடும், ஊருக்கென்று மிஞ்சுவது கொஞ்ச நேரம். எனக்கு அது சரிப்பட்டு வருவதாகத் தோன்றவில்லை.

ஒரே நாளில் திரும்ப முடியுமா என்றால், முடியும். ஆனாலும் ஓர் இரவு தங்குங்கள் என்பேன். செப்டம்பர் இறுதியிலும் மதியம் வெயில் காயும், நடமாட முடியாது. பகல் சுற்றுலாக்காரர்கள் சாயங்காலம் கிளம்பிய பிறகு ஊர் அடங்கிவிடும், எதிர்க்கரைச் சரிவில் சாய்ந்த வெயில் படிக்கட்டு படிக்கட்டாக ஏறும். அந்த நேரத்தில்தான் நீங்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரிய பெட்டியை மகள் வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு தோள்பையோடு வாருங்கள். அறுவடைக் காலம் என்பதால் அறையை மட்டும் இப்போதே பதிவு செய்யுங்கள்.

சரி, மது அருந்தாதவர்களுக்கு என்ன இருக்கிறது? நிறைய. ரயிலை விட்டு இறங்கியதுமே நிலையச் சுவரைப் பாருங்கள். 1937இல் பதித்த 24 ஓடு ஓவியங்கள், எல்லாம் வெள்ளையில் நீலம். பெண்கள் குனிந்து குலை அறுக்கிறார்கள். ஆண்கள் உயரமான கூடைகளை முதுகில் சுமந்து வரிசையாக இறங்குகிறார்கள். ஆற்றில் பீப்பாய் ஏற்றிய ரபேலு எனும் பழைய சரக்குப் படகு ஒற்றைப் பாயோடு நிற்கிறது. நிலையத்துக்கு வெளியே வந்து நிமிர்ந்தால் அதே மலை. சுற்றிவந்து தெருப்பக்கச் சுவரையும் பாருங்கள், பலர் அதை விட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள்.

இந்த மலைச்சரிவு முழுக்க மனிதர் கையால் ஆனது. மண் என்று சொல்ல அதிகம் இல்லை, தகடு தகடாக உடையும் பாறைதான். அதை உடைத்து, அந்தக் கல்லையே சுவராக அடுக்கி, படிப்படியாகத் திராட்சை நட்டிருக்கிறார்கள். மேற்கே மராவ் மலை கடல் மழையைத் தடுத்துவிடுவதால் இங்கே வறண்ட சூடு. 1756இல் மார்க்கேஸ் த பொம்பால் என்ற அமைச்சரின் ஆட்சியில் இந்தப் பகுதிக்கு எல்லை வகுத்தார்கள். 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நடுநடுவே புதர் மண்டிய படிகள் தென்படும். 19ஆம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி கொடிகளை அழித்த பிறகு, திரும்ப நடாமலே விட்ட இடங்கள் அவை.

இதையெல்லாம் மொத்தமாகப் பார்க்க, ஊருக்கு மேலே காசால் தெ லொய்வுஷ் என்ற சிற்றூருக்கு டாக்ஸியில் போங்கள். நடந்து ஏறுவது உங்களுக்கு வேண்டாம். ஊரில் டாக்ஸி குறைவு, விடுதியில் சொல்லி வையுங்கள். படகில் ஒரு மணி நேரச் சுற்று போதும். அந்தக் காலத்துப் படகோட்டிகள் பாறையும் சுழலுமாகப் பார்த்துப் பயந்த ஆறு, 1970, 80களில் கட்டிய அணைகளுக்குப் பிறகு ஏரி மாதிரி கிடக்கிறது. கிண்டா எனப்படும் தோட்டங்களில் பொன்ஃபிங் என்பது ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். முன்பதிவு செய்துகொண்டு, குடிப்பதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம்.

சாப்பாடுதான் கொஞ்சம் சிக்கல். கால்து வேர்த் என்ற கீரைச் சூப்பைப் பார்த்தால் சைவம் போலிருக்கும், அடியில் ஒரு வில்லை பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். "செங் கார்னே, செங் பெய்ஷே" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். மகளிடம் சொல்லித் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எதுவும் இலவசம் இல்லை, தொட்டால் பில்லில் ஏறும். மதியம் இரண்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும், இரவு ஏழுக்குத்தான் மறுபடி திறக்கும். இடைப்பட்ட நேரத்துக்குக் கையில் பழமோ பிஸ்கட்டோ இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு ஓடும் ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலைநிறுத்தம் இருக்கிறதா, பாதையில் பராமரிப்பு வேலை நடக்கிறதா என்று முந்தின நாளே மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும்போது இடப்பக்கம் உட்காருங்கள்.