மார்க்கக் கல்வி பயிலும் மாணவர் செயற்கை நுண்ணறிவிடம் பாடம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அதன் சொல்லை ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஒரு ஹதீஸை (நபிமொழியை) ஏற்கும் முன் அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரை, ஒவ்வொருவரின் நேர்மையும் நினைவாற்றலும் உட்பட ஆராய்வது இஸ்லாமியக் கல்வியின் அடிப்படை முறை. உரையாடல் செயலியோ அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுவதால், இல்லாத ஹதீஸுக்கும் 'புகாரி' (புகழ்பெற்ற ஹதீஸ் தொகுப்பு) என்று ஓர் எண்ணைச் சேர்த்துத் தயங்காமல் தந்துவிடக்கூடும். தீயவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்னும் குர்ஆன் 49:6 வசனத்தை இங்கே நினைவுகூரலாம். அரபு இலக்கணப் பயிற்சிக்குச் செயலி உதவும் (அங்கும் அகராதியைப் புரட்டிவிடுவது நல்லது). ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வேறு: கேட்பவரின் சூழலை அறிந்து தீர்ப்புச் சொல்லி, அதற்காக இறைவனிடம் பதிலளிக்க வேண்டியவர் முஃப்தி, இயந்திரத்துக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. அது எழுதிய கட்டுரையைத் தன் பெயரில் ஆசிரியரிடம் ஒப்படைப்பதோ, என் பார்வையில், அமானிதத்துக்கு, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்புக்கு, செய்யும் மோசடியே.