கல்லச்சா, நகலா? ஜென்னி லிண்ட் படம்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆப்பரா பாடகி ஜென்னி லிண்டின் பழைய வண்ணப் படம் ஒன்று இருக்கிறது. கீழ் ஓரத்தில் 'என். கரியர்' என்று அச்சாகியிருக்கிறது. வண்ண லித்தோகிராஃப், அதாவது வண்ணக் கல்லச்சு என்கிறார்கள். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. கழுவலாமா?

பதில்: வண்ண லித்தோகிராஃப் என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று, கல்லில் கறுப்பு மையால் அச்சிட்டு, மேலே கையால் நீர்வண்ணம் பூசியது. மற்றது, நிறத்துக்கு ஒரு கல் வீதம் வைத்து அச்சிட்ட குரோமோலித்தோகிராஃப். கழுவினால் என்ன ஆகும் என்பதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்ததுதான்.

ஸ்வீடனின் குயிலான லிண்ட் 1850 செப்டம்பரில் நியூயார்க் வந்திறங்கியபோது அவர் படங்களுக்கு அவ்வளவு கிராக்கி. அங்கே அச்சகம் நடத்திய நத்தானியேல் கரியரின் படங்கள் பெரும்பாலும் கைவண்ணம்தான். பெண்கள் வரிசையாக அமர்ந்து, மாதிரியைப் பார்த்து ஆளுக்கொரு நிறம் பூசுவார்கள். 1857-ல் ஜேம்ஸ் ஐவ்ஸ் என்பவர் கூட்டாளியான பின் அச்சகத்தின் பெயரே 'கரியர் அண்ட் ஐவ்ஸ்' என்று மாறியது. ஆகவே கரியர் பெயர் மட்டும் இருந்தால் காலம் பொருந்துகிறது. ஆனால் நகல் எடுப்பவர்கள் அந்த வரியையும் சேர்த்தேதான் எடுப்பார்கள், அதை நம்பி முடிவுகட்டாதீர்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை முதலில் படத்திலுள்ள லிண்டின் கன்னத்தின் மேல் வையுங்கள். கல்லச்சில், கல்லில் படம் வரையும் கிரேயான் அந்தக் கல்லின் சொரசொரப்பின் மேடுகளை மட்டும் தொடுவதால், கறுப்பு மணல் தூவியதுபோல் ஒழுங்கற்ற பொட்டுகள் தெரியும். கைவண்ணமென்றால் அதன் மேல் கன்னத்துச் சிவப்பு பொட்டே இல்லாமல் மெழுகினாற்போலப் படர்ந்திருக்கும். ஆடையின் விளிம்பில் கோட்டைத் தாண்டி வழிந்தும், ஓரத்தில் தேங்கி அடர்ந்தும் இருக்கும். குரோமோவில் நிறமே பொட்டுப் பொட்டாக இருக்கும். கல் சற்றே நகர்ந்த இடத்தில் உதட்டோரம் இழையளவு நிறம் பிதுங்கி நிற்கும். சம இடைவெளியில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் என்னும் பிற்கால இயந்திர அச்சில் எடுத்த நகல், மேலே பார்க்க வேண்டியதில்லை. வரிசைப் புள்ளி இல்லாத நகல்களும் உண்டு. அதனால் இருட்டில் புற ஊதா விளக்கையும் காட்டிப் பாருங்கள். தாள் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1850-ன் தாள் அல்ல.

கழுவாதீர்கள். கைவண்ணம் கரைந்து ஓடிவிடும். கருமையான இடங்களுக்கு மினுக்கம் தரப் பூசிய கருவேலம் பிசின் இருந்தால் அதுவும் போய்விடும். குரோமோவுக்கு எண்ணெய் மை என்றாலும் வீட்டில் நனைக்க வேண்டாம். நனைந்த பழந்தாள் எளிதில் கிழியும்.

பழுப்புக்குப் பெரும்பாலும் காரணம் பின்னால் வைத்த மரக்கூழ் அட்டையின் அமிலம். அட்டை ஒட்டியிராவிட்டால் எடுத்துவிட்டு, அமிலமற்ற பருத்தி அட்டையை வையுங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காமல், பழந்தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். படத்தைத் தாங்க மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் பட்டைகள், கோதுமை மாவுப் பசை. நாலு பக்கமும் ஒட்டினால் ஈரக்காற்றில் தாள் விரிய இடமின்றி அலையலையாக எழும்பும். செல்லோடேப் கூடவே கூடாது. கண்ணாடி படத்தில் படாதபடி இடையில் மவுண்ட் (நடுவே வெட்டிய அட்டைச் சட்டம்) வைத்து, 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விழாத சுவரில் மாட்டுங்கள்.