நாற்றம் வந்தால் கிருமியும் வருமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குக் கிழக்கே 400 மீட்டர் தொலைவில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மாலையில் நாற்றம் வீசும்போதெல்லாம் நோய்க்கிருமிகளும் சேர்ந்து வருமோ என்று அஞ்சுகிறோம். அவை எவ்வளவு தூரம் பரவும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா?
– வாசகி, சென்னை

பதில்: கணக்கிட முடியும், ஆனால் நாற்றத்தை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். நாற்றத்துக்கு முக்கியக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு ஒரு வாயு; மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். நுண்ணுயிர்களில் பலவோ வழியிலேயே மடிந்துவிடுகின்றன.

அவை பெருமளவில் கிளம்பும் இடங்களுள் ஒன்று, கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூட்டத் தொட்டி. நீருக்குள் மேலேறும் குமிழி, வழியிலுள்ள பாக்டீரியாக்களைத் தன் மேற்பரப்பில் திரட்டிக்கொண்டு வந்து வெடிக்கிறது. அப்போது குமிழியின் விட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளிகள் தெறிக்கின்றன. தொட்டி நீரைவிட இத்துளிகளில் பாக்டீரியாக்கள் செறிவாக இருக்கக்கூடும். துளியின் நீர் விரைவில் ஆவியாக, எஞ்சிய துகள் மிதக்கிறது. 5 மைக்ரான் துகள் அசையாத காற்றில் ஒரு மணி நேரத்தில் 3 மீட்டர் அளவுக்கே இறங்கும் என்பதால், அது போகுமிடத்தைத் தீர்மானிப்பது காற்றுதான்.

ஆலைப் புகையின் பரவலைக் கணிக்கப் பயன்படும் காஸ் (Gauss) சமன்பாட்டுடன் நுண்ணுயிர்கள் மடியும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறை 1976-லேயே வந்துவிட்டது. நொடிக்கு 2 மீட்டர் வேகக் காற்று உங்கள் வீட்டை அடைய 200 நொடிகள் ஆகும். 100 நொடிகளுக்கு ஒருமுறை பாதி மடிவதாக வைத்துக்கொண்டால், காற்றில் நீர்த்துப்போவது தனியாக இருக்க, கால் பங்கே உயிரோடு வந்து சேரும். நண்பகல் வெயிலில் மடியும் வேகம் கூடும். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று அவற்றைக் கலைத்தும் விடும். பிற்பகலில் கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று மாலையிலும் தொடர்ந்து உங்கள் பக்கம் வரக்கூடும்; பொழுது சாய்ந்தபின்னோ வெயில், மேலெழும் காற்று ஆகிய இவ்விரண்டு உதவிகளும் இல்லை. ஆகவே, பகலில் மட்டும் எடுத்த மாதிரிகளைக் கொண்டு "பாதிப்பில்லை" என்று எவரேனும் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

கணிப்பு பெரிதும் தடுமாறுவது காற்றைப் பொறுத்தல்ல, தொட்டியிலிருந்து நொடிக்கு எத்தனை நுண்ணுயிர்கள் கிளம்புகின்றன என்பதில்தான். ஆய்வக வளர்ப்புத் தட்டில் வளரும் நுண்ணுயிர்களை மட்டும் எண்ணினால், உயிரோடிருந்தும் அதில் வளராதவையும் வைரஸ்களும் விடுபட்டுப்போகும். காற்று வரும் பக்கத்திலும் போகும் பக்கத்திலும் இரவு பகலாக மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். தொட்டிக்கு மூடி போடுவதையும், நீரை அடித்துத் தெறிக்கவைக்கும் மேற்பரப்புக் கருவிகளுக்குப் பதில் அடியிலிருந்து நுண்குமிழி விடும் முறைக்கு மாறுவதையும் வலியுறுத்துங்கள். அளவீடு தொட்டியோர நடைமேடையிலிருந்தே தொடங்கட்டும். 400 மீட்டர் தள்ளியிருக்கும் உங்களைவிட, நாள் முழுதும் அங்கே நிற்கும் தொழிலாளர்கள் சுவாசிப்பதே மிக அதிகம்.