புதிய ஆற்றல் வந்தவுடன் உற்பத்தித்திறன் உயர்ந்துவிடுகிறதா?

நீராவி, மின்சாரம், கணினி என்று அடுத்தடுத்து வந்த தொழிற்புரட்சிகள் உற்பத்தித்திறனை, அதாவது ஒரு மணி நேர உழைப்பில் வெளிவரும் பொருளின் அளவை, எப்படி உயர்த்தின என்று கேட்டிருக்கிறீர்கள். புது எந்திரம் வந்தது, உற்பத்தி பெருகியது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் பல பத்தாண்டுகள் ஓடின. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் 1712-ல் செய்த நீராவி எந்திரம் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கத்தான் பயன்பட்டது. ஒரே சிலிண்டரை ஆவியால் சூடாக்கி, தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்து, மறுபடி சூடாக்க வேண்டும். கரி கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த நிலக்கரிச் சுரங்கங்களுக்குத்தான் அது கட்டுப்படியானது. ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலன் வைக்கும் யோசனைக்கு ஜேம்ஸ் வாட் 1769-ல் காப்புரிமை வாங்கினார். கரிச்செலவு பெருமளவு குறைந்தது. மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அவரும் தொழில் கூட்டாளி போல்டனும் கட்டணமாக வாங்கினார்கள். அப்படியிருந்தும் ஆலை முதலாளி ஆர்க்ரைட் 1771-ல் இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் தொடங்கிய நூற்பாலை தண்ணீர்ச் சக்கரத்தில்தான் ஓடியது. நீராவி ஆற்றங்கரைச் சக்கரங்களை ஓரங்கட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

மின்சாரத்தின் கதை இன்னும் தெளிவானது. எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் 1882-ல் இயங்கத் தொடங்கியது. 1899-லும் அமெரிக்க ஆலைகளின் எந்திரங்களை ஓட்டிய சக்தியில் மின்மோட்டார்களின் பங்கு 5 சதவீதத்தைத் தொடவில்லை. ஏன் இவ்வளவு தாமதம்? அந்தக் காலத்து ஆலைக்குள் நிமிர்ந்து பார்த்தால் நீராவி எந்திரம் சுழற்றும் ஒரு இரும்புத் தண்டு (ஷாஃப்ட்) கூரை நீளத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். எண்ணெய் சொட்டும், வெளிச்சம் மறையும். ஷாஃப்டில் பழுது என்றால் அந்த வரிசையே நிற்கும். சக்தியைத் தொலைவுக்குக் கடத்த முடியாததால் கட்டடத்தை மாடி மேல் மாடியாகக் கட்டினார்கள். அதிகச் சக்தி கேட்கும் எந்திரம், வேலை முறைப்படி அதன் இடம் எதுவாக இருந்தாலும், ஷாஃப்டின் தொடக்கத்துக்கு அருகில்தான் நிற்க வேண்டும்.

முதலில் முதலாளிகள் செய்தது, நீராவி எந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே ஷாஃப்டை ஒரு பெரிய மோட்டாரால் சுழற்றியதுதான். கொஞ்சம் செலவு மிஞ்சியது, அவ்வளவே. எந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று பொருத்திய பிறகுதான் எல்லாம் மாறியது. கூரை காலியானது, கிரேன் ஓடியது, மேலிருந்து வெளிச்சம் வந்தது. ஆலை ஒற்றைத் தளத்தில் பரந்தது, எந்திரங்கள் வேலையின் வரிசைப்படி நின்றன. ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் 1913-ல், நகர்ந்து வரும் காரில் தொழிலாளர்கள் வரிசையாகப் பாகங்களைப் பூட்டும் நகரும் பூட்டுவரிசை வந்தது. ஒரு காரின் சேசிஸை (அடிச்சட்டத்தை) பூட்டச் சுமார் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை, அடுத்த ஆண்டுக்குள் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. 1929-ல் மோட்டார்களின் பங்கு முக்கால்வாசியைத் தாண்டியிருந்தது. அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் வேகமெடுத்ததும் அந்த 1920-களில்தான். பழைய ஆலைகளில் போட்ட முதலீடு தேயும்வரை யாரும் புதிது கட்ட அவசரப்படவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

கணினிக்கும் இதே கதைதான். எங்கு பார்த்தாலும் கணினி, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம் என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987-ல் எழுதினார். அமெரிக்காவில் 1990-களின் நடுவிலிருந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் உற்பத்தித்திறன் வளர்ச்சி கூடியது, பிறகு தணிந்தது. மின்சாரம் உண்டாக்கும் டைனமோவும் கணினியும் போன பாதை ஒன்றே என்று பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் 1990-லேயே எழுதியிருந்தார்.

இதனால்தான் சூரிய மின்சாரம் பற்றிப் பேசும்போது நான் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறேன். காற்று மாசு குறைய அது கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அதே கம்பி வழியாக அதே மோட்டாருக்கு வந்துகொண்டிருக்கும்வரை, ஆலைக்குள் ஒரு மணி நேர உழைப்பில் வெளிவரும் பொருளின் அளவை அது தானாகக் கூட்டாது. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நண்பகலுக்கு ஏற்ப வேலை நேரத்தையும் எந்திரங்களையும் ஆலைகள் மாற்றியமைக்கத் தொடங்கினால் நிலைமை வேறு.