ஆங்கிலத்தில் 'ரியலைஸ்' என்று எழுத எஸ் சரியா, இசட் சரியா?

இரண்டும் சரி. இசட் போட்டதற்கு யாரோ உங்களைக் குறை சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது நடந்தது.

முதுகலை ஆய்வேட்டில் 'ரியலைஸ்', 'ஆர்கனைஸ்' எல்லாவற்றுக்கும் இசட் போட்டிருந்தேன். 'கலர்' மட்டும் பிரிட்டிஷ் முறையில், யு சேர்த்து. திருத்தியவர் ஒவ்வொரு இசட்டையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் 'அமெரிக்க ஆங்கிலம், கலப்படம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். கலப்படம் என்ற அந்தச் சொல்தான் சுட்டது.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதில் முதலில் நிற்பதே இசட்தான். சொல்லின் கடைசியில் வரும் அந்த 'ஐஸ்' விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது, மூலத்தில் இருப்பது இசட் என்பது அவர்கள் கட்சி. 'கலர்' யுவோடும் 'ரியலைஸ்' இசட்டோடும் ஒரே பக்கத்தில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டு வழக்கம், கலப்படம் இல்லை. அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

சரி என்று அன்றிரவே மாற்ற உட்கார்ந்தேன். அவசரத்தில் ஃபைண்ட்-ரீப்ளேஸ் கொடுத்ததில் அளவைக் குறிக்கும் 'சைஸ்', பரிசைக் குறிக்கும் 'பிரைஸ்' எல்லாமே எஸ் ஆகிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

அமெரிக்க ஆங்கிலம் மட்டம் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் தன் 1806, 1828 அகராதிகளில் 'கலர்' சொல்லின் யுவை எடுத்தது யோசித்துச் செய்த வேலை. நாக்கைக் குறிக்கும் 'டங்' சொல்லை டி-யு-என்-ஜி என்று நான்கே எழுத்தில் எழுதலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். அது எடுபடவில்லை.

இசட் பக்கம் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 'அட்வர்டைஸ்', 'எக்சர்சைஸ்' இரண்டுக்கும் எந்த நாட்டிலும் எஸ்தான். 'அனலைஸ்' அமெரிக்காவில் இசட், ஆக்ஸ்ஃபோர்டிலோ எஸ். அப்புறம், பதிப்பகமோ கல்லூரியோ இன்னதுதான் என்று விதி வைத்திருந்தால் அதன்படி எழுதுங்கள். விதி இல்லையென்றால் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை மாற்றாமல் எழுதுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வேடு என் இரண்டு வருட உழைப்பு. திரும்பி வந்த பிரதியில் அந்த வட்டங்களைத் தவிர வேறு ஒரு குறிப்பும் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் நான் வந்தடைந்த முடிவு சரியா தவறா என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.