பார்வையற்றவர்களும் ஓவியக் கண்காட்சியை ரசிக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

தொட்டுப் பார்க்க விடுவதுதான் முதல் வழி. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015-ல் 6 ஓவியங்களைப் புடைப்பு வடிவில் செய்து, விரலால் தடவிப் பார்க்கும்படி வைத்தது.

ஆனால் புடைப்பு மட்டும் போதாது, விரல் எதைத் தொடுகிறது என்று சொல்ல ஒரு குரலும் வேண்டும்: முதலில் ஓவியத்தின் அளவு, மொத்தக் காட்சி, அப்புறம் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக. நிறத்தைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், இடையில் பார்வை இழந்தவர்களுக்குச் சிவப்பு நன்றாகவே நினைவிருக்கும்.

குறைபார்வை உள்ளவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்குப் பெரிய எழுத்தும் கண்ணைக் கூசாத விளக்கும் வேண்டும். முக்கியமாக, திட்டமிடும்போதே பார்வையற்றவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கூப்பிட்டுக் கருத்து கேட்டால் எதையும் மாற்ற நேரம் இருக்காது.